எழுத்துக்கு முதல் மேரேஜ் கொன்றாக்ற் – ஒன்ராறியோவில செய்த ஆக்கள் ஆரும் இருக்கிறியளோ?

செம்பருத்தி:

எல்லாருக்கும் வணக்கம். இது இஞ்ச என்ர முதல் பதிவு, கொஞ்சம் நீண்டு போகும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எனக்கு 30 வயசு, ஸ்காபரோவில இருக்கிறன். 2019இல ஒரு டவுன்ஹவுஸ் வாங்கினனான், என்ர பேரில மட்டும். டவுன் பேமென்ற் 150,000 டொலர் அப்பா அம்மா தந்தது, அது அப்பா பேக்கறியில இருவது வருசமா இரவு வேலை செய்து சேர்த்த காசு. மோட்கேஜ் நான்தான் கட்டிக்கொண்டு வாறன். இப்ப கலியாணம் சரிவந்திருக்கு. தாலிகட்டு செப்ரெம்பரில, ஆனா எழுத்து, அதுதான் கலியாணப் பதிவு, அடுத்த மாதம் 18ஆம் திகதி. பிறகு ரெண்டு பேரும் இந்த வீட்டிலதான் இருக்கப்போறம்.

போன ஞாயிறு அப்பா சொன்னார், "எழுத்துக்கு முதல் ஒரு லோயரிட்டப் போய் வீட்டைப் பற்றி எழுதிப்போட்டு வாங்கோ பிள்ளை" எண்டு. அதை அப்பிடியே நான் கட்டப்போறவருக்குச் சொன்னன், ரிம் ஹோர்ட்டன்ஸ் வாசலில காருக்குள்ள இருந்துதான் கதைச்சனாங்கள். அவர் கனநேரம் ஒண்டும் சொல்லேல்லை, பிறகு "உங்கட அப்பாவுக்கு என்னில நம்பிக்கை இல்லையோ" எண்டு மட்டும் கேட்டார். ரெண்டு கோப்பியும் ஆறிப்போச்சு, குடிக்காமலே வந்திட்டம். அதுக்குப் பிறகு இதைப் பற்றி அவரும் கதைக்கேல்லை நானும் கதைக்கேல்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். வீடு என்ர பேரிலதானே இருக்கு, பிறகேன் ஒப்பந்தம்? இஞ்ச அது உண்மையா செல்லுமோ? செய்தவை எப்பிடிச் செய்தனீங்கள், வீட்டில சண்டை வராமல் எப்பிடிக் கதைச்சனீங்கள்?

கொக்குவிலான்:

தங்கச்சி, நான் லோயர் இல்லை. என்ர விவாகரத்து 2021இல முடிஞ்சது, ரெண்டரை வருசம் இந்தச் சட்டத்தோடதான் படுத்து எழும்பினனான், அதில தெரிஞ்சதைச் சொல்லுறன்.

"என்ர பேரில இருக்கு, அதால எனக்குத்தான்" எண்டுற நினைப்பு ஒன்ராறியோவில சரிவராது. இஞ்ச குடும்பச் சட்டம் பிரியேக்க வீட்டை வெட்டிப் பங்கு போடுறேல்லை, கணக்குப் பார்க்குது. கலியாணத் தினத்தில உங்களிட்ட என்ன இருந்தது, பிரிஞ்ச தினத்தில என்ன இருக்கு, கடன் கழிச்சு எவ்வளவு கூடியிருக்கு எண்டு ரெண்டு பேருக்கும் தனித்தனியா பார்ப்பினம். கூடக் கூடினவர் மற்றவருக்கு அந்த வித்தியாசத்தில பாதியைக் காசாக் குடுக்கோணும். நியாயமான முறைதான். ஆனா ஒண்டு இருக்கு. கலியாணத் தினத்தில வச்சிருந்த சொத்தைக் கழிக்க விடுற சட்டம், குடும்பம் குடியிருக்கிற வீட்டை மட்டும் கழிக்க விடாது. கனபேர் விழுறது இந்தக் கிடங்கிலதான்.

உங்கட வீட்டையே எடுப்பம், கணக்கு என்ர கற்பனை. எழுத்து நடக்கிற அண்டைக்கு வீடு 900,000 பெறுமதி, மோட்கேஜ் 500,000, அப்ப உங்கட கையில 400,000. பத்து வருசத்தால வீடு 1,200,000, மோட்கேஜ் 350,000, கையில 850,000. அவரிட்ட அந்தப் பத்து வருசத்தில சேர்ந்தது 150,000 எண்டு வையுங்கோ. இது நீங்கள் வாடகைக்கு விட்ட வேற வீடு எண்டால் முதல் இருந்த 400,000த்தைக் கழிச்சு 450,000 எண்டு எடுப்பினம், வித்தியாசம் 300,000, நீங்கள் குடுக்கிறது 150,000. ஆனா குடியிருக்கிற வீடு எண்டபடியா 850,000 முழுக்க உங்கட கணக்கில ஏறும், வித்தியாசம் 700,000, குடுக்கிறது 350,000. அந்தக் கூடுற 200,000க்குள்ளதான் உங்கட அப்பாவின்ர பேக்கறிக் காசு கிடக்குது. அந்த மனுசன் லோயரிட்டப் போகச் சொன்னது பிழையில்லை.

ஒப்பந்தம் செல்லும். எழுத்தில இருக்கோணும், ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கோணும், சாட்சி இருக்கோணும். வீட்டின்ர பெறுமதியை இப்பிடிப் பிரிக்கிறம் எண்டு எழுதலாம். ஆனா பிரச்சினை வந்தால் அவர் வீட்டை விட்டு வெளிக்கிடோணும் எண்டு எழுதினால் அந்த வரி செல்லாது. குடியிருக்கிற உரிமை ரெண்டு பேருக்கும் சமன், அதை ஒப்பந்தத்தால பறிக்கேலாது. பிள்ளையள் ஆரோட இருக்கிறது எண்டதையும் முன்கூட்டி எழுதி முடிக்கேலாது.

பூவரசு:

எனக்கு 61 வயசு, கதைக்கிறது பழங்கதை எண்டு நினைச்சாலும் பறவாயில்லை. எழுத்துக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கு, அதுக்குள்ள பிரிஞ்சால் ஆருக்கு எவ்வளவு எண்டு கணக்குப் போடுறதோ? நானும் அவரும் 1989இல ரெண்டு சூட்கேசோட வந்து இறங்கினனாங்கள், ஒரு பேஸ்மென்ரில ஏழு பேரோட இருந்தனாங்கள், ஆருக்கு எது எண்டு ஒரு நாளும் பார்க்கேல்லை. அந்தப் பெடியன்ர முகத்தை நினைச்சுப் பார்க்கிறன், காருக்குள்ள வச்சு அப்பிடிக் கேட்டால் ஆருக்குத்தான் நோகாது. பிள்ளை, காசை விடவும் பெரிசு அது.

நொத்தாரிசின் பேத்தி:

பூவரசு அக்கா, உங்கட மனசு விளங்குது, ஆனா ஒண்டு சொல்லோணும். என்ர அம்மப்பா சாவகச்சேரியில பிரசித்த நொத்தாரிசா, உறுதி எழுதுறவரா இருந்தவர். சின்னப் பிள்ளையா நான் அவற்ற மேசைக்குக் கீழ இருந்து விளையாடுவன். தை மாசம், வைகாசி மாசம் வந்தால் வீட்டு விறாந்தை நிறைய ஆக்கள், எல்லாரும் சீதன உறுதி எழுத வந்தவை. எந்தக் காணி, எத்தினை பரப்பு, கிணத்தில எத்தினை பங்கு, வழி வாய்க்கால் எதால, நகை எத்தினை பவுண், எல்லாம் கலியாணத்துக்கு முதல் எழுதி வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வச்சுத்தான் நாள் வைப்பினம். கிணத்துப் பங்குக்காக ஒரு கலியாணம் ரெண்டு கிழமை பின்னுக்குப் போனது எனக்கு ஞாபகம் இருக்கு.

எங்கட யாழ்ப்பாணத்துத் தேசவழமையே சொத்தைப் பிரிச்சு வச்ச சட்டம்தான். ஒல்லாந்தர் காலத்தில, 1707இல எழுத்தில தொகுத்தது. முதுசம் எண்டால் பரம்பரையா வந்தது, சீதனம் பெண்ணுக்குக் குடுத்தது, தேடியதேட்டம் புருசனும் பெண்சாதியும் கலியாணத்துக்குப் பிறகு தேடினது. 1911இல யாழ்ப்பாணத்துக்கெண்டு தனிக் கட்டளைச் சட்டம் வந்தது, பிறகு 1947இல திருத்தினவை. தேடியதேட்டத்தில ரெண்டு பேருக்கும் பங்கு இருக்கு, சீதனம் பெண்ணின்ர சொத்து. ஒன்ராறியோ கேக்கிறதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான், வரேக்க என்ன கொண்டு வந்தது, வந்த பிறகு என்ன தேடினது எண்டு.

அப்ப கலியாணத்துக்கு முதல் சொத்துக் கதைக்கிறது வெள்ளைக்காரன்ர பழக்கம் எண்டு நான் ஒத்துக்கொள்ள மாட்டன். எங்கட முறையில இருந்த பிழை வேற. அந்த விறாந்தையில மாப்பிளையும் பொம்பிளையும் இருக்க மாட்டினம். தேப்பன்மார் கதைப்பினம், மாமன்மார் கதைப்பினம். அவையளுக்காக ஆரோ முடிவெடுத்தவை. செம்பருத்தி, உங்கட ஆள் நொந்தது காசைக் கேட்டதால எண்டு எனக்குப் படேல்லை. மாமனார் முடிவெடுத்து மகளிட்டச் சொல்லி அனுப்பினது போலதான் அவருக்கு விளங்கியிருக்கும்.

செம்பருத்தி:

அக்கா, நீங்கள் சொன்னதை மூண்டு தரம் வாசிச்சன். நான் உண்மையா அப்பிடித்தான் சொன்னனான், "அப்பா சொல்லுறார்" எண்டு. எனக்கு என்ன வேணும் எண்டு நான் சொல்லவே இல்லை.

பாலைமரம்:

என்ர கதையையும் கேட்டுவிடுங்கோ, ஏனெண்டால் இதை எப்பிடிச் செய்யக்கூடாது எண்டுறதுக்கு நான் உதாரணம்.

எனக்கு எழுத்து ஒரு சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் மாமா 19 பக்கத்தில ஒப்பந்தம் ஒண்டைத் தந்து, "நாளைக்குள்ள வச்சுத் தாங்கோ தம்பி, சும்மா ஒரு போமாலிற்றி" எண்டார். ஹோல் காசு கட்டியாச்சு, லண்டனில இருந்து பெரியம்மாக்கள் வந்திறங்கியாச்சு, அம்மா வடை மாவுக்கு உளுந்து ஊறப்போட்டிட்டா. நான் மேசையில நிண்டபடி கையெழுத்து வச்சன். லோயர் அவையின்ர ஆள், நான் ஒருத்தரிட்டயும் காட்டேல்லை. அதில என்ன இருந்தது எண்டு நான் வாசிச்சது ஆறு வருசத்துக்குப் பிறகு, சமையலறையில, அவ வெளிக்கிட்டுப் போன அண்டு இரவு.

பிறகுதான் தெரிஞ்சது, நீதிமன்றம் இப்பிடியான ஒப்பந்தத்தைத் தள்ளிவைக்கிறதுக்குச் சட்டத்தில காரணம் எழுதியிருக்கு. ஒப்பந்தம் செய்யேக்க முக்கியமான சொத்தையோ கடனையோ ஒருத்தர் மறைச்சிருக்கோணும், இல்லாட்டி கையெழுத்து வச்சவருக்கு அதின்ர தன்மையோ விளைவோ விளங்காமல் இருந்திருக்கோணும், இல்லாட்டி வழமையான ஒப்பந்தச் சட்டப்படி பிழை இருக்கோணும், வற்புறுத்தல் மாதிரி. இதில ஒண்டு இருந்தாலும் கட்டாயம் தள்ளுவினம் எண்டில்லை, நீதவான்ர தீர்மானம். என்ர வழக்கு கோட்டுக்குப் போகாமல் சமாதானத்தில முடிஞ்சது, ஆனா ரெண்டு பக்க லோயருக்கும் போன காசில ஒரு நல்ல கார் வாங்கியிருக்கலாம்.

கடைசி நேரத்தில வச்ச கையெழுத்து தன்ரபாட்டில செல்லாமல் போகும் எண்டு ஆக்கள் சொல்லுறதை நம்பவேண்டாம். ஹார்ட்ஸ்ஹோர்ன் வழக்கு எண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவில ஒண்டு. கலியாணத் தினத்தில வச்ச கையெழுத்து, அந்தப் பெண்ணுக்குத் தனி லோயர் இது உனக்கு நியாயமில்லை எண்டு சொல்லியும் வச்சவ. 2004இல கனடா உச்ச நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்துக்குத்தான் மதிப்புக் குடுத்தது. 2008இல ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தில லெவான் வழக்கு, அது மற்றப் பக்கம். புருசன் தன்ர சொத்தை ஒழுங்காக் காட்டேல்லை, ஒப்பந்தம் நிக்கேல்லை. ரெண்டையும் வச்சுப் பார்த்தால், திகதி கிட்டவோ தூரவோ எண்டதை விட, எல்லாத்தையும் காட்டினதோ, விளங்கிக் கையெழுத்து வச்சதோ எண்டதுதான் கூடப் பேசும் எண்டு எனக்கு விளங்குது.

கோவைக் குசும்பன் இல்லை:

நான் கோயமுத்தூர், இப்ப மிசிசாகால இருக்கேன். இந்த இழை ரொம்ப உதவியா இருக்குங்க. எனக்கும் டிசம்பர்ல கல்யாணம், ஊர்ல ஒரு பிளாட் என் பேர்ல இருக்கு, அது இங்க கணக்குல வராதுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, சரியா? ஊர்லயே ஒரு அக்ரிமென்ட் போட்டுட்டு வந்துரலாமான்னும் யோசிக்கிறேன்.

கொக்குவிலான்:

தம்பி, வரும். சொத்து எந்த நாட்டில இருந்தாலும் ஒன்ராறியோ கணக்கில ஏறும், கோயமுத்தூர் பிளாட்டும் சரி கோப்பாய்க் காணியும் சரி. ஆனா நீங்கள் குடியிருக்கிற வீடு அது இல்லை எண்டபடியா கலியாணத் தினத்தில இருந்த பெறுமதியைக் கழிக்கலாம். அண்டைய பெறுமதிக்கு இப்பவே ஒரு மதிப்பீட்டுக் கடிதம் எடுத்து வையுங்கோ, பத்து வருசத்துக்குப் பிறகு தேடினால் கிடைக்காது.

இந்தியாவில எழுதிறதைப் பற்றி எனக்குச் சொல்ல உரிமை இல்லை, தெரிஞ்ச அளவில அங்க பொதுக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது எண்டு 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்ர 23ஆம் பிரிவைக் காட்டி இப்பிடியான ஒப்பந்தத்துக்கு மதிப்புக் குறைவு. கோவா மட்டும் வேற, போத்துக்கீசர் காலத்துச் சிவில் சட்டம் வழியா அங்க கலியாணத்துக்கு முதல் எழுதலாம். நீங்கள் வாழப்போறது இஞ்ச எண்டால் இஞ்சத்தைய லோயரிட்டயே எழுதுங்கோ.

இன்னொண்டு, எல்லாரும் கவனிக்கோணும். கலியாணத்துக்குப் பிறகு உங்களுக்கு முதுசமா வாற காசு, தாய் தேப்பன் அன்பளிப்பாத் தாற காசு கணக்கில சேராது, அது விலக்கு. ஆனா அந்தக் காசைக் கொண்டு போய் குடியிருக்கிற வீட்டின்ர மோட்கேஜில போட்டால் அந்த விலக்குப் போச்சு. எனக்கு நடந்தது அதுதான். ஊரில அம்மாவின்ர காணி வித்த பங்கை முழுக்க வீட்டில போட்டன். அம்மா செத்து 40 நாள் ஆகேல்லை, கடனைக் குறைச்சால் அவவின்ர ஆத்மா சந்தோசப்படும் எண்டு நினைச்சன்.

தும்பை:

எல்லாரும் வீடு வீடு எண்டு கதைக்கிறியள், நான் தாபரிப்பை, பிரிஞ்ச பிறகு ஒருத்தர் மற்றவரின்ர சீவியத்துக்குக் குடுக்கிற காசைப் பற்றிச் சொல்ல வாறன்.

நான் கையெழுத்து வச்ச ஒப்பந்தத்தில ஒரு வரி இருந்தது, பிரிஞ்சால் ஒருத்தரிட்ட ஒருத்தர் தாபரிப்புக் கேக்கிறதில்லை எண்டு. அப்ப எனக்கு 27 வயசு, வங்கியில நல்ல வேலை, நான் ஏன் ஒருத்தரிட்டக் காசு கேக்கப்போறன் எண்டு சந்தோசமா வச்சன். பிறகு ரெட்டைப் பிள்ளையள், ஒண்டுக்கு பேச்சு வரப் பிந்தினது, தெரபிக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேணும், நான் வேலையை விட்டன். எட்டு வருசம். பிரியேக்க அவருக்குப் பதவி உயர்ந்திருந்தது, என்ர கையில பழைய அனுபவக் கடிதம் ஒண்டு.

சட்டம் கையைக் கட்டிக்கொண்டு நிக்காது, அப்பிடியான வரி மிக மோசமான நிலைமைக்குக் கொண்டுபோனால் அதை ஒதுக்கிவைக்கக் கோட்டுக்கு அதிகாரம் இருக்கு. பிள்ளையின்ர தாபரிப்பு எண்டது பிள்ளையின்ர உரிமை, அதை நாங்கள் விட்டுக்குடுக்கவே ஏலாது. ஆனா அதிகாரம் இருக்கு எண்டுறதும் அது கையில வாறதும் ஒண்டில்லை, நான் 14 மாதம் நடந்தனான்.

செம்பருத்தி, உங்கட கையில வீடு இருக்கு, நீங்கள் பலமான பக்கம். அதால உங்களிட்டத்தான் கேக்கிறன், அவற்ற பக்கத்தையும் நினைச்சு எழுதுங்கோ. பிள்ளை பிறந்து ஒருத்தர் வேலையை விட்டால் என்ன, ஒருத்தருக்கு வருத்தம் வந்தால் என்ன, அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா திருப்பிப் பார்ப்பமோ, இதெல்லாம் வரட்டும்.

மாரிமழை:

நான் 54 வயசில ரெண்டாம் கலியாணம் செய்தனான், முதல் அவர் காலமாகி ஒன்பது வருசத்துக்குப் பிறகு. என்ர பிள்ளையள் ரெண்டு பேரும் வளந்திட்டினம், அவருக்கும் ஒரு மகள். ஒருத்தரும் இஞ்ச மரணத்தைப் பற்றிச் சொல்லேல்லை எண்டபடியா எழுதுறன். ஒன்ராறியோவில புருசனோ பெண்சாதியோ செத்தால் மிஞ்சினவர் உயிலின்படி எடுக்கலாம், இல்லாட்டி அதே பாதிக் கணக்கைக் கேக்கலாம், முடிவெடுக்க ஆறு மாதம். அப்ப நான் பிள்ளையளுக்கு வீட்டை எழுதி வச்சாலும் ஒப்பந்தம் இல்லாட்டி அது அப்பிடியே போய்ச் சேரும் எண்டில்லை. நாங்கள் ஒப்பந்தத்தில இதையும் எழுதினனாங்கள். நான் போனால் அவர் ரெண்டு வருசம் வீட்டில இருக்கலாம், பிறகு பிள்ளையளுக்கு. உயிலையும் அதே கிழமை மாத்தினனாங்கள்.

அந்த ஒப்பந்தத்தை எழுத இருந்த நாலு பின்னேரத்திலதான் அவற்ற முதல் மனுசியின்ர கதையை முழுக்கக் கேட்டன். ஆசுப்பத்திரிச் செலவு, வித்த வான், எல்லாம்.

பூவரசு:

மாரிமழை, நீங்கள் எழுதினதை வாசிச்சுப்போட்டு இரவு இவரிட்டக் கேட்டன், எங்கட உயில் எங்க கிடக்கு எண்டு. அவருக்கும் தெரியேல்லை. நாளைக்குத் தேடோணும். செம்பருத்தி பிள்ளை, நான் முதல் எழுதினது கொஞ்சம் கடுமையாப் போச்சு.

செம்பருத்தி:

மூண்டு கிழமை ஆச்சு, என்ன நடந்தது எண்டு சொல்லாமல் விடக்கூடாது.

நான் முதல்ல அவரிட்ட மன்னிப்புக் கேட்டன். அப்பா சொன்னதா இல்லாமல் நான் சொன்னன், எனக்குப் பயமா இருக்கு, அந்த 150,000 போனால் அப்பாவைப் பார்க்க எனக்கு முகம் இருக்காது எண்டு. அவர் சொன்னார், அவருக்கும் ஒரு பயம் இருக்காம், அவர் என்ர வீட்டில வந்து இருக்கிற ஆள் எண்டு எல்லாரும் நினைப்பினமாம், மோட்கேஜ் கட்டியும் கடைசியா சும்மா போகவேண்டி வருமோ எண்டு. எனக்கு அது ஒரு நாளும் யோசனையிலயே வரேல்லை.

பாலைமரம் அண்ணை சொன்ன மாதிரி ரெண்டு பேரும் தனித்தனி லோயர் பிடிச்சம். அதுக்கு முதல், ஒரு வெள்ளி இரவு என்ர சாப்பாட்டு மேசையில ஆளுக்கொரு தாள் எடுத்து, இருக்கிறது ஒரு பக்கம், கடன் மற்றப் பக்கம் எண்டு எழுதினம். நான் லைன் ஒஃப் கிறெடிற்றில 11,000 எழுதினன், அது அவருக்குத் தெரியாது. அவர் எழுதிக்கொண்டு போய் ஒரு இடத்தில பேனையை வச்சிட்டார். பிறகு எடுத்து "சீட்டு – 23,000" எண்டு எழுதினார். தங்கச்சியின்ர படிப்புக்கு அவசரத்தில கழிவு விட்டு எடுத்த சீட்டு, மாதம் மாதம் கட்டிக்கொண்டிருக்கிறார், அவற்ற அம்மாவுக்கே தெரியாது. பாங்க் கடதாசி ஒண்டிலயும் வராத கடன். அந்தத் தாளை என்ர பக்கம் தள்ளிப்போட்டு என்னைப் பார்க்காமல் இருந்தார். நான் தேத்தண்ணி போட எழும்பினன், எனக்கு அழுகை வந்தது, கோவத்தில இல்லை.

எழுதினது இதுதான். எழுத்து அண்டைக்கு வீட்டில இருக்கிற என்ர பங்கு என்ர, அதுக்குப் பெறுமதி பார்க்க ஒரு மதிப்பீட்டாளர் வந்து போனவர். அதுக்குப் பிறகு கூடுறது ரெண்டு பேருக்கும் பாதி. அவற்ற லோயர் ஒரு வரி கூடக் கேட்டவ, பேஸ்மென்ற் திருத்த அவர் போடுற காசு பில்லோட தனியா எழுதப்படும் எண்டு, நல்ல வரி எண்டு நானே சொன்னன். தாலிக்கொடியும் ரெண்டு பக்க நகையும் எனக்கு எண்டு ஒரு பந்தி. தாபரிப்பை விட்டுக்குடுக்கிற வரியை எடுத்திட்டம், தும்பை அக்கா, உங்களுக்குத்தான் அந்த நன்றி. முதல் பிள்ளை பிறந்தால் திருப்பிப் பார்க்கிறது எண்டும் இருக்கு.

9ஆம் திகதி கையெழுத்து வச்சம், எழுத்துக்கு ஒன்பது நாள் முதல். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாப் பார்த்தார், இங்கிலீஷ் முழுக்க விளங்காது, வீட்டுப் பந்தியை மட்டும் தமிழில சொல்லச் சொன்னார், சொன்னன். முடிய, "தம்பிக்கும் ஒரு கொப்பி குடுத்தனீங்களோ" எண்டு கேட்டார். குடுத்தாச்சு எண்டன். "அவற்ற லோயர் வேற ஆள்தானே?" ஓம் எண்டன். பிறகு கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு, பின்னேரம் அவரைச் சாப்பிட வரச் சொல்லு, கணவாய் கிடக்கு எண்டார்.